ஐந்தாவது சிவப்பு

முதலில் ஒட்னியின் குரல் வரும். ஒட்னி பிறகு வருவாள்.

எங்கள் வடகடலோர ஊர் ஸ்கார்விக்கின் நீச்சல் குளத்தில் பெண்கள் குளிப்பறைக்கும் ஆண்கள் குளிப்பறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரைக் கட்டியவர்கள் ஒட்னியை மனதில் வைத்துக் கட்டவில்லை. “நீச்சலுடையைக் கழட்டு கண்ணு, அதுக்கும் சேர்த்தா சோப்பு போடப் போற?” என்று அந்தப் பக்கம் யாரோ ஒரு வெளியூர்ப் பெண்ணிடம் அவள் கேட்பது இந்தப் பக்கம் தலை தேய்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்குக் கேட்கும். நாங்களும் இன்னொரு முறை சோப்பை எடுப்போம். எதற்கு வம்பு.

குளத்து நீரில் மருந்து அதிகம் கலப்பதில்லை. ஆகவே இறங்குகிறவர்கள் முழுக்கக் களைந்து, பொதுக் குளிப்பறையில் சோப்பு போட்டுக் குளித்துவிட்டுத்தான் நீச்சலுடையை மாட்ட வேண்டும். சரியாகக் குளிக்கிறார்களா என்று பார்க்க ஒரு காவல் ஆள். பெண்கள் பக்கம் அது ஒட்னி. இரண்டு பக்கமும் சுவரில் ஒரு பலகை உண்டு. அதில் முகமில்லாத ஒரு மனித உருவம். தலை, அக்குள், தொடையிடுக்கு, பாதம் மட்டும் சிவப்பு. எழுத்துப் படிக்கத் தெரிவதற்கு முன்பே எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த நான்கு இடமும் மனப்பாடமாகிவிடும்.

பலகையில் எழுதாத விதி ஒன்றும் உண்டு. காவலிருப்பவள் சோப்பைப் பார்க்கலாம், ஆளைப் பார்க்கக் கூடாது. ஊர்த் தலைவியும் மீன் ஆலைக்காரியும் பாதிரியம்மாவும் நிறைமாதக்காரியும் ஒரே வரிசையில் கூச்சமில்லாமல் நிற்பது அந்த ஒரு விதியை நம்பித்தான். அங்கே கண்டது வெளியே வராது. இந்தக் கதை எனக்குத் தெரிவதுகூட, இதில் சம்பந்தப்பட்ட இரண்டு பெண்களும், குளத்தோரத்தில் ஊரே கூடி அரட்டை அடிக்கும் வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்துகொண்டு, ஒருத்தி வாயிலிருந்து ஒருத்தி பிடுங்கி, அவர்களே ஊருக்குச் சொன்னதால்தான். மீதியை நான் ஒட்னி வீட்டு மாடியில் குடியிருப்பதால் அறிந்தேன்.

ஒட்னி பிறந்தது கடல் மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நுழைந்து முடியும் இடத்தில் இருந்த ஒரு ஆட்டுப் பண்ணையில். ஆற்றுக்கு அக்கரையில் மேயும் ஆடுகளை இக்கரையிலிருந்தே கூப்பிட்டுப் பழகிய தொண்டை. பிறகு மீன் ஆலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அது இன்னும் பலப்பட்டது. கணவன் நார்வேக்கு வேலை தேடிப் போனான். வேலை கிடைத்தது, ஆள் திரும்பவில்லை. “அவனுக்கு ஒரு காது மந்தம். இல்லேன்னா இன்னும் முன்னாடியே போயிருப்பான்” என்பாள் ஒட்னி. சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

சில குளிர்காலங்களுக்கு முன் அவளுக்கு வலது மார்பில் புற்றுநோய் வந்தது. ஈரத் தரையில் வழுக்கிய ஒரு பள்ளிக் குழந்தையை எட்டிப் பிடித்தபோது, குழந்தையின் முழங்கை அங்கே இடித்தது. வலிக்கிறதே என்று அமுக்கிப் பார்த்தவள் விரலுக்கு அடியில் ஒரு கட்டி. முழங்கை இடித்ததால் வந்த கட்டி அல்ல. வெகுநாளாகச் சத்தமில்லாமல் குடியிருந்தது. அக்குள் வரைக்கும் போயிருந்தது. மார்பை எடுத்தார்கள். தெற்கே தலைநகரில் ஒரு குளிர்காலம் முழுக்க மருந்து ஏற்றிக்கொண்டு, தலையில் முடியில்லாமல், புருவமில்லாமல் திரும்பி வந்தாள். குரல் மட்டும் ஒரு இழைகூடக் குறையவில்லை.

“ஊர்ல இருக்கிற அத்தனை பொம்பளைங்களையும் சோப்பு போட வெச்சவ நான்” என்று ஒருநாள் வாசலில் பனி தள்ளிக்கொண்டே சொன்னாள். “எம்மேல அந்த இடத்துக்கு என் கை போனதே இல்ல. ஏன் தெரியுமா? பலகையில அங்க சிவப்பு இல்ல!”

ஊரில் யார் கையும் அங்கே போனதில்லை என்பதை அவள் பிற்பாடு யோசித்திருக்கிறாள். தலை, அக்குள், தொடையிடுக்கு, பாதம். எல்லாரும் அந்த நான்கையும் ஒழுங்காக முடித்துவிட்டுக் குளத்துக்கு ஓடுகிறார்கள்.

திரும்பி வந்த ஒட்னியிடம் ஒரே ஒரு மாற்றம். முன்பெல்லாம் குளம் திறக்கும் முன்னே திறந்த குழாயடியில் பாட்டுப் பாடிக்கொண்டே குளிப்பவள், இப்போது வீட்டிலேயே குளித்துவிட்டு, நீலக் கோட்டைக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு வந்தாள். பிறர் கூச்சத்துக்குக் காவலிருந்தவள் அந்தக் குழாயடியில் மறுபடி நிற்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. விதி அப்படி.

மே மாதம், மலையுச்சியில் பனி இருக்கும்போதே, மார்பைப் படம் எடுக்கும் மேமோகிராம் கருவி வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தெற்கிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, சுகாதார நிலையத்தின் பின்னறையில் இறக்கி, ஒரு வாரம் வைத்திருந்து, வெள்ளிக்கிழமை மதியம் அடுத்த ஊருக்குக் கொண்டு போய்விடுவார்கள். வருகிற பெண்கள் எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே இருந்தது. ஆடுகள் குட்டி போடும் நேரம், கப்பல் வந்து நிற்கும் நேரம், வலிதான் இல்லையே, அடுத்த தடவை பார்க்கலாம். இவைதான் காரணங்கள். தாதி வேதிஸ் ரொட்டிக்கடையிலும் தபால் நிலையத்திலும் தாள் ஒட்டினாள். தாள்மேல் தாள் ஒட்டுகிற ஊர் எங்களுடையது.

திங்கட்கிழமை காலை ஒட்னி சிவப்பு நகப்பூச்சைக் கொண்டு வந்தாள். பலகையில் இருந்த முகமில்லாத உருவத்துக்கு மார்பில் இரண்டு சிவப்பு வட்டம் போட்டாள்.

குளத்தின் மேலாளர் ப்யார்த்மர் நெடுநெடுவென்று இருப்பான். கதவுக்குக் குனிந்து குனிந்து, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பது போன்ற உடம்பு. எங்கள் ஊரில் எல்லாருக்கும் எல்லாரும் ‘நீ’தான், மேலாளர் உட்பட.

“இது அரசாங்கப் பலகை ஒட்னி.”

“பலகை அரசாங்கத்தோடது. உடம்பு எங்களோடது.”

“அதுல நாலு இடம்தானே போட்டிருக்கு...”

“அந்த நாலையும் நான் பளபளன்னுதான் வெச்சிருந்தேன். எனக்கு அஞ்சாவதுலதான் வந்துச்சு.”

ப்யார்த்மர் அன்று சாயங்காலம் பூச்சை அழித்துவிட்டான். செவ்வாய்க்கிழமை காலை வட்டங்கள் திரும்பி வந்திருந்தன, இன்னும் பெரிதாக. ஆண்கள் பக்கத்துப் பலகையிலும் வந்திருந்தன. நாங்கள் சிரித்தோம். படகுக்காரன் ஒருவன் தன் மார்பை இரண்டு கையாலும் ஏந்திக் காட்டி ஏதோ சொல்ல, சிரிப்பு இன்னும் கூடியது. சுவர் பேசியது:

“என்னடா இளிப்பு? உங்களுக்கும் அங்க சதை இருக்கு, அபூர்வமா உங்களுக்கும் வரும்! சோப்போட கைய வெச்சுப் பாருங்க! வீட்டுக்குப் போய் பொண்டாட்டியையும் பார்க்கச் சொல்லுங்க. அவளுக்குப் பதிலா நீங்க பார்க்காதீங்க, அது வேற கணக்கு!”

சிரிப்பு நின்றது. ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒவ்வொரு கையாக மார்புக்கு ஏறியது. படகுக்காரன் கைதான் முதலில் ஏறியது.

அந்த வாரம் பெண்கள் பக்கம் அவள் சொன்னதெல்லாம் எங்களுக்கும் பாடமாகிவிட்டது. “விரல் நுனியால குத்தாதே, விரலைத் தட்டையா வெச்சு வட்டமா போ. அக்குளையும் சேர்த்துப் பாரு. கட்டி மட்டும் இல்ல, தோல்ல குழி, காம்பு உள்ள இழுத்துக்கிட்டா, ஏதாவது கசிஞ்சா, அதுவும்தான். கட்டின்னா உடனே கேன்சர்னு அழாதே, முக்கால்வாசி ஒண்ணும் இருக்காது. ஆனா ஒண்ணும் இல்லன்னு நீ முடிவு பண்ணாதே, அதுக்குத்தான் வேதிஸ் இருக்கா. கைக்குச் சிக்காததும் படத்துல தெரியும், போ, தலையத் துவட்டிட்டுப் போ!” புதன்கிழமைக்குள் சுகாதார நிலையத்து வாசலில் ஈரத் தலையோடு பெண்கள் நிற்கத் தொடங்கிவிட்டார்கள்.

போகாதவள் ஸ்டெய்னுன்.

ஸ்டெய்னுன் ஊரின் ரொட்டிக்கடைக்காரி, பெண்கள் பாட்டுக் குழுவின் தலைவி. ஒட்னியோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இளம் வயதில் ஒட்னியைப் பாட்டுக் குழுவிலிருந்து எடுத்தவளும் அவள்தான். “நீ பாடினா மத்தவங்க எதுக்கு?” என்றாளாம். அதிலிருந்து இருவரும் ரொட்டி வாங்கவும் விற்கவும் மட்டுமே பேசிக்கொண்டார்கள். படம் எடுத்துக்கொள்ள வரச்சொல்லி அவளுக்கு வந்த அழைப்புகளை, மாவு பிசையும் இயந்திரத்தின் கால் ஆடாமலிருக்க மடித்து அடியில் வைத்திருந்தாள். இயந்திரம் ஆடவே இல்லை.

“அஞ்சாவது, ஸ்டெய்னுன்” என்றாள் ஒட்னி, புதன்கிழமை காலை.

“சட்டத்துல நாலுதான். நகப்பூச்சுக்கெல்லாம் நான் குளிக்கறதில்ல.”

குளிப்பறை சிரித்தது. ஸ்டெய்னுன் வெற்றிக்களிப்போடு தலையிலிருந்த நுரையைக் கழுவ இரண்டு கையையும் தூக்கினாள்.

அப்போதுதான் ஒட்னி கண்டாள். இடது மார்பின் கீழ்ப்பக்கம் ஒரு குழி. புளித்த மாவில் விரலை அழுத்தி எடுத்தால் மெல்ல எழும்பி வருமே, அப்படி எழும்ப மறந்த குழி. கையை இறக்கியதும் காணவில்லை.

அதற்குப் பிறகு அன்று முழுக்கச் சுவர் பேசவில்லை. இந்தப் பக்கம் நாங்கள் குழாயை நிறுத்தி நிறுத்திக் கேட்டோம். “உடம்பு சரியில்லையோ?” என்றான் படகுக்காரன்.

வியாழக்கிழமை, உடை மாற்றும் அறையில் வேறு யாருமில்லாத நேரம் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒட்னி மெதுவாகப் பேசினாள்.

“உன் இடது பக்கத்துல ஒரு குழி இருக்கு ஸ்டெய்னுன். கையத் தூக்கினாத்தான் தெரியுது. நாளைக்கு மதியம் லாரி போயிடும். இன்னைக்கே போய்க் காட்டு.”

ஸ்டெய்னுன் துண்டை இழுத்துச் சுற்றிக்கொண்டாள். “என்னைப் பார்த்தியா நீ?”

“பார்த்தேன்.”

“சோப்பைப் பார்க்கத்தான் உனக்குச் சம்பளம்.”

“ஆமா.”

“எனக்கு ஒரு வலியும் இல்ல.”

“எனக்கும் இல்லடி. அதான் சொல்றேன்.”

ஸ்டெய்னுன் தலைகூடத் துவட்டாமல் ப்யார்த்மரின் அறைக்குப் போனாள். அந்தப் பெண் காவலிருந்தால் தானும் தன் பாட்டுக் குழுவும் இந்தக் குளத்தில் இனிக் கால் வைக்க மாட்டோம் என்றாள். மதியத்துக்குள் வெந்நீர்த் தொட்டி இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு பாதி, விதி விதிதான், இன்று இவள் பார்த்தால் நாளை யார் தைரியமாக உடை களைவார்கள் என்றது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இன்னொரு பாதி, “வீடு பத்தி எரியறப்போ ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தது தப்புன்னு சண்டை போடுவியா?” என்று கேட்டது. என்ன பார்த்தாள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. ஒட்னியும் சொல்லவில்லை, ஸ்டெய்னுனும் சொல்லவில்லை.

ப்யார்த்மர் குனிந்து வந்தான். “நாளைக்குக் காலையில அவங்க முன்னாடி மன்னிப்புக் கேட்டுடு ஒட்னி. இல்லேன்னா நான்...”

“எதுக்கு? பார்த்ததுக்கா, சொன்னதுக்கா?”

“ரெண்டுக்கும்தான்.”

“பார்த்ததுக்குக் கேக்கறேன். சொன்னதுக்குக் கேக்க மாட்டேன். வேலையை வேணா எடுத்துக்கோ.”

வெள்ளிக்கிழமை குளம் திறந்ததுமே ஸ்டெய்னுன் வந்தாள், பின்னால் பாட்டுக் குழு. ஒட்னி மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க வந்தவர்கள் விதிப்படி களைந்து, விதிப்படி குழாய்க்கு அடியில் வரிசையாக நின்றார்கள். ஒட்னி வாசலில் நின்றாள். பிறகு ரப்பர் செருப்பைக் கழற்றினாள். நீலக் கோட்டின் பொத்தான்களைக் கழுத்திலிருந்து கீழே ஒவ்வொன்றாக எடுத்தாள். எல்லாவற்றையும் ஆணியில் மாட்டிவிட்டு, நடுக் குழாய்க்குப் போனாள்.

வலது பக்கம் தட்டையாக இருந்தது. குறுக்கே ஒரு நீளத் தழும்பு. எழுதிய சொல்லை ஒரே கோட்டில் அடித்ததுபோல.

அவள் சோப்பை எடுத்தாள். தலை, அக்குள், தொடையிடுக்கு, பாதம். பிறகு மிச்சமிருந்த இடது மார்பு, விரல்களைத் தட்டையாக வைத்து, அவசரமே இல்லாமல். பிறகு தழும்பு, அதே நிதானத்தில். எல்லாப் பெண்களும் தத்தம் சோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உன்னைக் கேக்காம பார்த்துட்டேன் ஸ்டெய்னுன். அது தப்புதான், மன்னிச்சுக்கோ. இப்ப நீ என்னைப் பாரு. நல்லாப் பாரு. சரிக்குச் சரியாப் போயிடும்.”

அந்தக் குழாய்கள் ஒருமுறை அழுத்தினால் கொஞ்ச நேரம் ஓடித் தாமாக நின்றுவிடும். ஒவ்வொன்றாக நின்றன. யாரும் மறுபடி அழுத்தவில்லை. ஸ்டெய்னுன் பார்த்தாள்.

“எவ்ளோ பெரிசா இருந்துச்சு?” என்றாள் கடைசியில்.

“கோழி முட்டை. நான் அதை அவ்ளோ பெரிசாக விட்டேன். நீ விடாதே.”

ஸ்டெய்னுன் தழும்பிலிருந்து பார்வையை எடுத்தாள்.

“ஒரு மூட்டை மாவுல ஒரு சின்னக் கட்டி கிடந்தா உன் கைக்குத் தெரிஞ்சுடும். ஊருக்கே தெரியும் அது. அந்தக் கையத்தான் கேக்கறேன். ஒரே ஒரு தடவை உன்மேல வை.”

ஸ்டெய்னுன் கையில் சோப்பு இருந்தது. அந்தக் கை மேலே போனது. குழுவிலிருந்த ஒருத்தி பிற்பாடு சொன்னாள்: அவள் கடையில் ரொட்டி வெந்துவிட்டதா என்று தட்டிப் பார்ப்பாளே, முகம் அப்படித்தான் இருந்தது, தலையைச் சாய்த்து, கேட்பதுபோல.

“இருக்கு” என்றாள். விலை சொல்லும் குரல். பிறகு, “என் கோட்டு எங்கடி?”

முடி உலர்த்த யாரும் நிற்கவில்லை. ஊரின் ஒரே பெரிய தெருவில், நீச்சலுடைமேல் கோட்டு போட்ட ஸ்டெய்னுன், பக்கத்தில் நீலக் கோட்டும் ரப்பர் செருப்புமாக ஒட்னி, பின்னால் ஈரத் தலையில் ஆவி பறக்கப் பாட்டுக் குழு. மீன் ஆலை ஜன்னல்களில் முகங்கள் வந்தன. தேவாலயத்து முனை திரும்பும்போது சுகாதார நிலையத்து வாசல் தெரிந்தது. லாரியின் பின்கதவு திறந்திருக்க, இரண்டு பேர் கருவியைத் தள்ளிக்கொண்டு சரிவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குப் பெயர் கொடுத்தவர்கள் யாருமில்லை என்று சீக்கிரமே கட்டிவிட்டார்களாம்.

ஆற்றுக்கு அக்கரை ஆடுகளைக் கூப்பிட்ட தொண்டை திறந்தது.

“இறக்குங்கடா அதை!”

துறைமுகத்தில் கப்பல் ஊதியது என்று நினைத்ததாக அந்த ஓட்டுநர் இன்றும் சொல்கிறான். இறக்கினார்கள்.

வேதிஸ் வாசலுக்கு வந்து கூட்டத்தைப் பார்த்தாள். ஒட்னி வாயைத் திறப்பதற்குள் ஸ்டெய்னுனே சொன்னாள், தெருவுக்கே கேட்க: “எனக்கு இடது பக்கம் கட்டி இருக்கு. குழியும் இருக்கு. ஒட்னி பார்த்தா.”

“அப்ப நீ வரிசையில நிக்க வேண்டாம்” என்றாள் வேதிஸ். “முதல்ல டாக்டர் பார்க்கட்டும், அப்புறம் படம். மத்தவங்க எதுக்கு வந்தீங்க, துணைக்கா?”

பாட்டுக் குழுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “வந்ததுதான் வந்துட்டோம்” என்றாள் ஒருத்தி. லாரி அன்று சாயங்காலம்தான் கிளம்பியது.

மறுவாரமே ஸ்டெய்னுன் தெற்கே போனாள். ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்தான். பட்டாணி அளவு. அக்குளுக்குப் போயிருக்கவில்லை. கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்தார்கள், மார்பு தங்கியது. பிறகு கதிர் வைத்தியம். கோடை முழுக்க ரொட்டிக்கடையை அவள் மகன் நடத்தினான். கோடை முழுக்க ஊர் கல்லைக் கடித்தது. மாலையில் தெற்கிலிருந்து ஸ்டெய்னுன் ஒட்னிக்கு ஃபோன் செய்வாள். மாடியில் இருக்கும் எனக்கு, இந்த முனைப் பேச்சு முழுக்கக் கேட்கும். அந்த முனைக்கு ஃபோனே தேவைப்பட்டிருக்காது.

மலையிலிருந்து ஆடுகளை இறக்கும் செப்டம்பரில் ஸ்டெய்னுன் திரும்பினாள். முதல் வேலையாகக் குளத்துக்கு வந்து, திறந்த குழாயடியில் நின்று, ஐந்தாவது இடத்தை எல்லாரும் பார்க்கக் கழுவினாள். பிறகு வெந்நீர்த் தொட்டியில் இறங்கி உட்கார்ந்து, காப்பி ஊற்றிக்கொண்டு, ஆணும் பெண்ணுமாக நிறைந்திருந்த எங்களிடம் அனைத்தையும் சொன்னாள். பட்டாணியை விரலால் அளந்து காட்டினாள். பக்கத்தில் ஒட்னி, அவள் வேகம் போதாதென்று இடையிடையே புகுந்துகொண்டிருந்தாள்.

“இவ சொல்லியிருக்காட்டி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் லாரி வந்திருக்கும்” என்றாள் ஸ்டெய்னுன். “நான் அப்பவும் போயிருக்க மாட்டேன்.”

“மெஷினுக்குக் கால் முட்டுக் கொடுக்க வேற காயிதம் கிடைச்சிருக்கும்” என்றாள் ஒட்னி.

“வாய மூடுடி. பாட்டுக் குழுவுக்கு வர்றியா இல்லையா, அதைச் சொல்லு.”

“நான் பாடினா மத்தவங்க எதுக்குன்னியே?”

“பாடாதே. கடைசி வரியில மட்டும் கத்து.”

ப்யார்த்மர் பலகையை அழிக்கவில்லை. நகப்பூச்சு நீராவியில் உரியாமலிருக்க, மேலே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்துத் தானே திருகாணி முடுக்கினான், இரண்டு பக்கமும். வீட்டில் குளித்துவிட்டு வருவதை ஒட்னி நிறுத்திவிட்டாள். குளம் திறக்கும் முன்னே குழாயடியில் அவள் பாட்டு மறுபடி கேட்கிறது. நீலக் கோட்டின் மேல் பொத்தான் இரண்டும் இப்போது திறந்தே இருக்கின்றன.

அடுத்த முறை லாரி மலையிறங்கி வந்தபோது, சுகாதார நிலையத்து வரிசை ரொட்டிக்கடை வரைக்கும் நீண்டிருந்தது. பாட்டுக் குழு தேவாலயத்து முனையில் நின்று பாடியது. கடைசி வரிக்கு ஓட்டுநர் ஹாரன் அடித்துப் பதில் கொடுத்தான். எங்கள் காதில் எது ஹாரன், எது ஒட்னி என்று பிரிக்க முடியவில்லை.

இப்போது காலையில் குளிக்கப் போனால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு குரல் வருகிறது. “அஞ்சாவது!” என்கிறாள் ஒட்னி. ஸ்டெய்னுன் சுதி சேர்க்கிறாள். இந்தப் பக்கம், யாரும் யாரையும் பார்க்காமல், சோப்பு நுரையோடு எங்கள் கைகள் மேலே ஏறுகின்றன.